தடத்தைச் சீர்செய்யலாம், ஏரியைச் சீர்செய்ய முடியாது

காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம் என்று எந்தப் பக்கம் போனாலும், கனடாவிலோ அமெரிக்காவின் வட மாநிலங்களிலோ பிள்ளை இருக்கிற வீடு தெருவுக்கு ஒன்றாவது இருக்கிறது. குளிர்காலம் வந்தால் வாட்ஸப்பில் ஒரு வீடியோ வந்துவிடும். ஹெல்மெட்டும் தடித்த கோட்டுமாக, ஆள் யாரென்றே தெரியாத ஓர் உருவம் வெள்ளைவெளேர் வெளியில் ஏதோ ஒரு வண்டியில் சீறிக்கொண்டு போகும். "நாங்க இப்ப ஏரி மேல இருக்கோம்" என்கிற குரல் மட்டும் நம் வீட்டுக் குரல்.

பார்க்கிறவர்களில் ஒருவர் "ஐயோ, உடைஞ்சா?" என்பார். இன்னொருவர், "மைனஸ் இருபதுல எல்லாம் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும். அதுக்குன்னு தனியா ரோடு வேற போட்டு வச்சிருக்காங்க, பயப்படாதீங்க" என்பார். ஆறுதல் சொல்கிற இந்த இரண்டாவது ஆளை நினைத்துத்தான் எனக்குக் கவலை. அவர் சொன்னதில் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன: வண்டிக்காகச் சீர்செய்த தடம் ஒன்று, அதன் அடியில் இருக்கும் ஏரி இன்னொன்று. தடம் மனிதர்கள் செய்வது. அதற்குப் பொறுப்பேற்க ஆள் உண்டு. ஏரி தானாக உறைவது. அதற்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

2022 டிசம்பர் 26 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வுட்ஸ் கேன்யன் ஏரியில், உறைந்த பரப்பின் மேல் நடந்து போன மூன்று பேர் ஐஸ் உடைந்து மூழ்கி இறந்தார்கள். மூவரும் இங்கிருந்து போய்க் குடியேறிய இந்தியர்கள். வண்டிகூட இல்லை, வெறும் நடைதான். வெயிலில் வளர்ந்த நமக்கு ஐஸ் என்றால் ஃபிரிட்ஜில் இருக்கும் கட்டிதான். ஏரி அளவு ஐஸைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. கொஞ்சம் அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

குழப்பம் வராமல் இருக்க ஒரு ஏற்பாடு. இந்தக் கட்டுரையில், வானத்திலிருந்து பொடியாக விழுவதைப் பனி என்றும், ஏரித் தண்ணீர் இறுகி ஆவதை ஐஸ் என்றும் சொல்கிறேன்.

வண்டி

வண்டியின் பெயர் ஸ்னோமொபைல். கம்மவான்பேட்டைப் பக்கம் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களைக் கேட்டால் ஸ்னோ ஸ்கூட்டர் என்பார்கள், சியாச்சினில் பார்த்திருப்பார்கள். முன்பக்கம் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குப் பலகைகள், பின்பக்கம் டாங்கிக்கு இருப்பது போலச் சுழலும் அகலமான ரப்பர் பட்டை. பட்டை பனியைப் பிறாண்டி வண்டியைத் தள்ளும், பலகைகள் திசை காட்டும். இன்றைக்கு நாம் பார்க்கும் வடிவத்துக்கு வழிகாட்டியவர் கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பம்பார்டியர். அவருடைய ஸ்கீ-டூ 1959-இல் விற்பனைக்கு வந்தது.

பலகைகளின் அடியில் கார்பைடு என்ற மிகக் கெட்டியான பொருளாலான மெல்லிய விளிம்பு ஒன்று ஓடும். பனியில் அது கத்தி போல இறங்கிப் பிடிப்பதால்தான் வண்டி திரும்புகிறது. வெறும் ஐஸில் அது சரியாக இறங்காது. கைப்பிடியைத் திருப்புவீர்கள், வண்டி பாட்டுக்கு நேராகப் போகும். பிரேக் பிடித்தால் பட்டை நின்றுவிடும், வண்டி நிற்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. பல வண்டிகளில் எஞ்சின் சூட்டைத் தணிப்பது பட்டை வாரியடிக்கும் பனிதான். பனியே இல்லாத கண்ணாடி ஐஸில் நெடுந்தூரம் ஓட்டினால் எஞ்சின் சூடேறிவிடும், பட்டையைத் தாங்கும் பிளாஸ்டிக் தண்டும் தேய்ந்துபோகும். ஆக, இது பனியில் ஓடச் செய்த வண்டி. ஏரியின் மேல் போகும், ஆனால் ஏரிக்காகச் செய்ததல்ல.

தடம் எப்படி உருவாகிறது

வண்டிகள் போகப் போகப் பனியில் மேடுபள்ளம் விழும். ஒவ்வொருவரும் திருப்பத்துக்கு முன்னால் பிரேக் பிடித்து, தாண்டியதும் வேகம் எடுப்பதால், அந்த இடங்களில் பட்டை பனியைத் தோண்டித் தோண்டிக் குவிக்கும். ஒரு சனி, ஞாயிறு கூட்டம் போய்விட்டால் போதும், தடம் அலை அலையாகிவிடும்.

இதைச் சரிசெய்யும் இயந்திரம்தான் குரூமர். பட்டை மாட்டிய டிராக்டர் போன்ற ஒன்று, பின்னால் நீளமான கனத்த சட்டத்தை இழுத்துக்கொண்டு போகும். சட்டத்தில் உள்ள கத்திகள் மேடுகளைச் சீவி, பனியைப் புரட்டி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றும். கடைசியில் ஒரு தட்டு அதை அமுக்கித் தட்டையாக்கும். வேலை அதோடு முடிவதில்லை. அமுக்கிய பனி இறுக நேரம் வேண்டும். நெருங்கிக் கிடக்கும் பனித்துகள்கள் தொட்ட இடங்களில் மெல்ல ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். துகள் பிணைப்பு என்று இதைச் சொல்லலாம். குளிர் அதிகமாக, போக்குவரத்து இல்லாமல் இருந்தால் சில மணி நேரத்தில் தடம் கெட்டியாகிவிடும். அதனால்தான் குரூமர்கள் பெரும்பாலும் ராத்திரியில் வேலை செய்கின்றன. குரூமர் போன சூட்டோடு அதன் பின்னாலேயே ஓட்டினால், இறுகாத பனி மறுபடி கலைந்துவிடும். அத்தனை உழைப்பும் வீண்.

இந்த வேலையைச் செய்கிறவர்கள் பல இடங்களில் அந்தந்த ஊர் ஸ்னோமொபைல் கிளப் தொண்டர்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் போன்ற இடங்களில் தடத்தில் ஓட்டவே காசு கட்டி அனுமதி வாங்க வேண்டும். தடத்தைப் பேணும் செலவுக்கு அந்தப் பணம் போகிறது.

ஏரியைச் சுற்றிப் போகும் தடம் பெரும்பாலும் கரையோரக் காட்டுக்குள் தரைமேல் போகும். அங்கங்கே குறுக்கு வழியாக ஏரிக்குள் இறங்கி எதிர்க்கரையில் ஏறும். தரையில் போகும்வரை குரூமர் கூடவே வரும். அது பல டன் எடை; ஐஸ் நன்றாகத் தடித்த பிறகே ஏரியில் இறங்க முடியும், பல ஏரிகளில் இறங்குவதே இல்லை. அங்கே வழி காட்ட வரிசையாகக் கம்பு நட்டிருப்பார்கள். கம்பு சொல்வது "வழி இந்தப் பக்கம்" என்பதை மட்டும்தான். நட்ட அன்று ஐஸ் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் போகும் நாளைப் பற்றி அந்தக் கம்புக்கு எதுவும் தெரியாது.

சுருக்கமாக: குரூமர் சரிசெய்வது பனியின் மேற்பரப்பை. தடம் வழவழப்பாக இருப்பதற்கும் அடியில் இருக்கும் ஐஸின் பலத்துக்கும் சம்பந்தமில்லை.

ஏரி எப்படி உறைகிறது

காவேரிப்பாக்கம் ஏரியோ உங்கள் ஊர் ஏரியோ, கோடையில் வற்றும்போது உள்ளே இறங்கிப் பார்த்திருப்பீர்கள். மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்த களிமண், மாடுகள் மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். அதை நம்பி மதகுப் பக்கம் டிராக்டரை விட்டால் சக்கரம் முழுசாக இறங்கிவிடும். மேலே காய்ந்த ஏடு, கீழே இளகிய சேறு. ஏடு எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருப்பதில்லை; தண்ணீர் எங்கே வந்தது, எங்கே நின்றது, எங்கே வெளியேறியது என்பதைப் பொறுத்து மாறும். உறைந்த ஏரியும் மேலே ஓர் ஏடுதான். கீழே சேறு இல்லை, ஆழமான தண்ணீர்.

ஏன் மேலே மட்டும் உறைகிறது? பெரும்பாலான பொருட்கள் குளிரக் குளிரச் சுருங்கிக் கனமாகும். தண்ணீரும் 4 டிகிரி செல்சியஸ் வரை அப்படித்தான். அதற்குக் கீழே போனால் மறுபடி விரிந்து லேசாகும். குளிர்காலம் தொடங்கும்போது ஏரியின் மேல்தண்ணீர் குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்கும். ஏரி முழுக்க 4 டிகிரிக்கு வந்த பிறகு, இன்னும் குளிரும் தண்ணீர் லேசாகி மேலேயே தங்கும், அங்கேயே உறையும். ஐஸ் தண்ணீரைவிடச் சுமார் 9 விழுக்காடு லேசு, அதனால் மிதக்கும். அப்புறம் அந்த ஏடு மேலிருந்து கீழாகத் தடித்துக்கொண்டே போகும்.

இதிலிருந்து கிடைக்கும் ஒரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. வெளியே மைனஸ் 30 இருக்கலாம். ஏட்டின் அடிப்பக்கம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அது எப்போதும் 0 டிகிரியில்தான் இருக்கும். ஐஸின் கீழ்முகம் எப்போது வேண்டுமானாலும் கரையக் காத்திருக்கும் நிலையில் இருக்கிறது. "அங்க எத்தனை டிகிரி?" என்று போனில் கேட்பதில் பெரிய பயன் இல்லாததற்குக் காரணம் இதுதான். (அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை இருபது டிகிரி என்றால் அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் மைனஸ் 7.) ஐஸ் எத்தனை அங்குலம், யார் அளந்தார்கள், எந்த இடத்தில், இன்றைக்கா போன வாரமா என்று கேளுங்கள்.

சியாச்சினில் இருந்தவர்கள் "ஐஸ்ல நாங்க நடக்காததா" என்று சொல்வதையும் இங்கே சேர்த்துவிடுகிறேன். அங்கே இருப்பது பனியாறு. மலைத்தரைமேல் கிடக்கும் மிகப் பெரிய ஐஸ் பாளம். அங்கே ஆபத்து வெடிப்புகளில் இருக்கிறது. ஏரி ஐஸ் எதன்மேலும் உட்கார்ந்திருக்கவில்லை, தண்ணீரில் மிதக்கிறது. அந்த அனுபவம் இங்கே அப்படியே பொருந்தாது.

எடையை எது தாங்குகிறது

ஐஸ் மேல் ஒரு வண்டி நின்றால், ஏடு கண்ணுக்குத் தெரியாத அளவில் கிண்ணம் போலக் குழியும். குழிந்த இடத்தில் விலகிய தண்ணீர் கீழிருந்து மேலே தள்ளும். அந்தத் தள்ளலும், வளைந்து கொடுக்கிற ஏட்டின் உறுதியும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. வளைவு அளவுக்கு மீறினால் கிண்ணத்தின் அடியில் விரிசல் கிளம்பும்.

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இருந்த லார்ன் கோல்ட் 1971-இல் ஓர் எளிய கணக்கு கொடுத்தார். தடிமனை சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பிறகு 4-ஆல் பெருக்கினால் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று தோராயமாகக் கிடைக்கும். 20 செ.மீ. என்றால் 1,600 கிலோ. அதில் பாதி, 10 செ.மீ. என்றால் 800 அல்ல, 400. 5 செ.மீ. என்றால் வெறும் 100. கோட்டு, பூட்ஸ் போட்ட தாட்டியான ஓர் ஆள், அவ்வளவுதான். ஸ்னோமொபைல் ஒன்று, ஓட்டுபவரையும் சேர்த்தால், 350 கிலோ பக்கம் வரும். அப்படியானால் 10 செ.மீ. போதுமே என்று தோன்றும். போதாது. பத்தடி தள்ளி ஏடு 7 செ.மீ.தான் இருந்தால், அங்கே தாங்கும் எடை 200 கிலோவுக்கு இறங்கிவிடும். தடிமன் கொஞ்சம் குறைந்தால் பலம் மளமளவென்று குறைகிறது. இந்தக் கணக்கில் பயப்பட வேண்டிய பகுதி அதுதான்.

அதனால்தான் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில இயற்கை வளத் துறை, நடப்பதற்கே 4 அங்குலம், அதாவது 10 செ.மீ. வேண்டும் என்கிறது. ஸ்னோமொபைலுக்கு 5 முதல் 7 அங்குலம், 13 முதல் 18 செ.மீ. அதுவும் புதிதாக உறைந்த தெளிவான ஐஸுக்கு. வெளுத்த, பால் நிற ஐஸ் என்றால் இரண்டு மடங்கு வேண்டும், ஏனென்றால் அது பனியும் நீரும் கலந்து உறைந்தது, உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைய. சாம்பல் நிறத்தில் தெரிந்தால் தண்ணீர் ஊறியிருக்கிறது என்று அர்த்தம், கிட்டே போக வேண்டாம். குளிர்காலக் கடைசியில் இன்னொரு ஏமாற்று உண்டு. வெயில் உள்ளே இறங்கி, ஐஸ் நெட்டுக்குத்தான ஊசிகளாகப் பிரிந்துவிடும். அளந்தால் தடிமன் இருக்கும், பலம் இருக்காது.

கிண்ணக் கணக்கிலிருந்தே இரண்டு பழக்கங்கள் பிறக்கின்றன. நாலு வண்டியையும் ஒன்றாக நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது. நாலு கிண்ணங்கள் ஒன்றாகிப் பெரிய குழிவாகிவிடும். இடைவெளி விட்டே ஓட்ட வேண்டும், இடைவெளி விட்டே நிற்க வேண்டும்.

மெலிந்த இடங்கள்

வற்றிய ஏரிக்கு மறுபடி வருவோம். நம் ஏரியில் வரத்துக்கால்வாய், மதகு, கலங்கல் எங்கே என்று ஊர்க்காரருக்குத் தெரியும். அங்கேயும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஓடை வந்து சேரும் வாய், தண்ணீர் வெளியேறும் வாய், இரண்டு கரைகள் நெருங்கும் குறுகல், பாலத்தின் அடி, தரைக்கடியில் ஊற்று சுரக்கும் இடம், இங்கெல்லாம் தண்ணீர் அசைந்துகொண்டே இருப்பதால் ஏடு மெலிந்திருக்கும். படகுத்துறைகளைச் சுற்றிச் சிலர் ஐஸ் பிடிக்காமல் இருக்கக் காற்றுக்குமிழி விடும் கருவி வைத்திருப்பார்கள். அணை கட்டிய ஏரியில் தண்ணீரை இறக்கிவிட்டால், ஏட்டுக்குக் கீழே வெற்றிடம் விழுந்து, கீழிருந்து தள்ளும் தண்ணீர் இல்லாமல் போய்விடும்.

பனி விழுந்தால் ஐஸ் இன்னும் பலமாகும் என்று நினைப்பதும் தவறு. பனிக்குள் காற்று நிறைந்திருப்பதால் அது குளிரை உள்ளே விடாது. அடியில் ஐஸ் தடிப்பது மெதுவாகும். நிறைய விழுந்தால், அதன் எடை ஏட்டைக் கீழே அமுக்கும். விரிசல் வழியாகத் தண்ணீர் மேலே வந்து, பனிக்கும் ஐஸுக்கும் நடுவில் கூழாகத் தேங்கும். மேலே பார்த்தால் வெள்ளைவெளேர் என்றுதான் இருக்கும். வண்டி அதில் இறங்கினால் பட்டை சிக்கி நிற்கும், நின்ற இடத்திலேயே உறையும். உடனே ஆபத்தில்லை என்றாலும், கால் நனைந்து, கரைக்கு ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, இருட்டப்போகிறது என்றால் அதுவும் ஆபத்துதான்.

இதுவரை பார்த்ததில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது: ஐஸ் மிதக்கும் ஏடு, அதன் அடிப்பக்கம் எப்போதும் 0 டிகிரி, தடிமன் பாதியானால் பலம் கால்வாசி, தண்ணீர் அசையும் இடம் மெலிந்த இடம்.

நம்மூர்க் கைகள்

ஓட்டும் முறைக்கு வருவோம். வேலூரில் டிவிஎஸ்ஸும் ஆக்டிவாவும் ஓட்டிப் பழகிய கைக்கு இங்கே இரண்டு வலைகள் உண்டு.

முதலாவது, ஆக்ஸிலேட்டர். அதை முறுக்க வேண்டியதில்லை, வலது கட்டைவிரலால் அழுத்தும் சின்ன நெம்புகோல் அது. பிரேக் இடது கையில். நமக்குப் பதற்றம் வந்தால் இரண்டு கையையும் இறுக்கிப் பிடிப்போம், வலது கை முன்பிரேக்கைத் தேடும். இங்கே வலது கையை இறுக்கினால் கட்டைவிரலும் சேர்ந்து அழுந்தி வண்டி இன்னும் சீறும். முதல் முறை ஏறுகிறவர்கள் மரத்தில் போய் முட்டுவது பெரும்பாலும் இப்படித்தான் என்று நினைக்கிறேன். வண்டியை அணைத்து வைத்துவிட்டு, கட்டைவிரலை எடுப்பதும் இடது கையால் பிடிப்பதுமாக நாலைந்து நிமிடம் சும்மா பழகுங்கள். எஞ்சினை அணைக்கும் பொத்தானும் கைப்பிடியிலேயே இருக்கும். பல வண்டிகளில் உடையோடு மாட்டும் ஒரு கயிறும் உண்டு. நீங்கள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நின்றுவிடும். அதை மாட்ட மறக்காதீர்கள்.

இரண்டாவது, பக்கம். அங்கே தடத்தில் வலதுபுறமாகப் போக வேண்டும். வளைவில் திடீரென்று எதிரே வண்டி வந்தால் நம் உடம்பு யோசிக்காமல் இடது பக்கம் ஒதுங்கும். அங்கே இடது பக்கம்தான் எதிராளி வரும் பக்கம். வளைவு வருகிறது என்றாலே வலது ஓரத்தை ஒட்டிக்கொண்டு, வேகத்தைக் குறைத்துவிடுவதுதான் வழி. எதிரே குரூமர் வந்தால் அது தடத்தையே அடைத்துக்கொண்டு வரும்; வலது ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிடுங்கள்.

எதிரே வருகிறவர் இடது கையைத் தூக்கி இரண்டு விரல் காட்டினால், அவர் பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள் வருகின்றன என்று பொருள். மூடிய முஷ்டி என்றால் அவர்தான் கடைசி.

ராத்திரியில் ஒரு கணக்கு. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகும். முன்னால் ஏதோ இருக்கிறது என்று மூளைக்கு உறைத்து, கை பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆனால், அதற்குள் 33 மீட்டர் கடந்திருப்பீர்கள். அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்கும், அதுவும் பனியில். ஹெட்லைட் வெளிச்சத்துக்குள் நிற்க முடிகிற வேகமே ராத்திரிக்கான வேகம். ஏரியில் மரம் இல்லை, சமவெளி என்று இழுத்து விடுகிறவர்கள், மீன் பிடிக்கப் போட்டிருக்கும் கூடாரத்திலோ, ஐஸ் பாளங்கள் ஒன்றையொன்று தள்ளி முட்டி எழுந்த திட்டிலோ போய் மோதுகிறார்கள். குடித்துவிட்டு ஓட்டுவது பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஒன்டாரியோவில் காருக்கு உள்ள அதே சட்டம் இதற்கும்.

விழுந்துவிட்டால்

கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் மனித உடம்பு என்ன ஆகிறது என்று ஆராய்ந்தவர். அவர் சொல்லும் கணக்கு ஒன்று, பத்து, ஒன்று. முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது, வாயைத் தண்ணீருக்கு மேலே வைத்து மூச்சைச் சீராக்குவது மட்டுமே வேலை. அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும், அதற்குள் வெளியே வர முயல வேண்டும். நினைவு தப்ப 1 மணி நேரம் வரை ஆகலாம். விழுந்த உடனே விறைத்துச் செத்துவிடுவோம் என்று நினைத்துக் கைவிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிய வேண்டும்.

வெளியே வரும் வழி நீங்கள் வந்த திசை. அந்தப் பக்க ஐஸ் உங்களை ஒருமுறை தாங்கியிருக்கிறது. கைகளை ஐஸ்மேல் நீட்டி, கால்களை நீச்சல் போல உதைத்து, உடம்பைக் கிடைமட்டமாக்கி முன்னேற வேண்டும். ஈர ஐஸில் வெறும் கை வழுக்கும். அதற்காகத்தான் ஐஸ் பிக் என்று ஒன்று: இரண்டு மரப்பிடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கூரான ஆணி, இரண்டையும் சேர்க்கும் கயிறு. கழுத்தில் வெளிப்பக்கமாக மாட்டியிருக்க வேண்டும். பைக்குள் இருந்தால் பயனில்லை. நம்மூர் தச்சருக்கு அது பத்து நிமிட வேலை, ஆனால் விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள். மேலே ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு உருண்டு விலகுங்கள். மிதக்கும் வகைக் குளிருடை அணிந்திருந்தால் இத்தனையும் எளிது.

கூட வந்தவர் விழுந்தால் ஓடிப்போய்க் கை கொடுக்கக் கூடாது, நீங்களும் உள்ளே போவீர்கள். தள்ளிப் படுத்துக்கொண்டு கயிறோ கம்போ நீட்டுங்கள், அவசர எண்ணை அழையுங்கள்.

குல்மார்க் போகிறவர்களுக்கு

கனடா வரை போகாமல் காஷ்மீர் சுற்றுலாவில் இதே வண்டியில் ஏறுகிறவர்கள் இப்போது அதிகம். குல்மார்க்கில் ஓடுவது மலைச்சரிவின் பனியில், கீழே தரைதான். அங்கே ஐஸ் உடையும் பயம் இல்லை. ஹெல்மெட் கேட்டு வாங்குங்கள், கட்டைவிரல் விஷயத்தை நினைவில் வையுங்கள். ஸ்ரீநகரின் தால் ஏரி கடுங்குளிரில் மேலே ஏடு பிடிக்கும்போது அதன்மேல் நடக்கும் படங்கள் வரும். உறைந்த ஏரியில் இறங்க வேண்டாம் என்று அங்குள்ள அதிகாரிகள் எச்சரிப்பதும் வழக்கம். படகுக்காரர்கள் துடுப்பால் ஏட்டை உடைத்துக்கொண்டே போவார்கள். துடுப்பு அடியில் உடைகிற ஏடு எத்தனை சென்டிமீட்டர் இருக்கும் என்று மேலே உள்ள கணக்கை வைத்து நீங்களே பாருங்கள்.